ஒரே தடத்தில் இரண்டு ரேம்கள்

நானே பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய கணினியில் சராசரி பிரேம் வேகம் (நொடிக்கு எத்தனை படங்கள் என்ற கணக்கு) நன்றாக இருந்தும், கூட்டம் மிகுந்த நகரக் காட்சிகளில் மட்டும் விளையாட்டு திக்கித் திக்கி நகர்ந்தது. கிராபிக்ஸ் டிரைவரை நீக்கி மீண்டும் நிறுவியும், விண்டோஸையே புதிதாகப் போட்டும் நான்கு நாள்கள் வீணாயின.

அதே காட்சியில் தெளிவுத்திறனை 1440-இலிருந்து 1080-க்குக் குறைத்தும் பிரேம்கள் கூடவில்லை, கிராபிக்ஸ் கார்டின் பயன்பாடோ 60 விழுக்காட்டைத் தாண்டவில்லை என்பதைக் கவனித்த பிறகுதான், தடை பிராசஸர் பக்கத்திலோ நினைவகத்திலோ இருக்க வேண்டும் என்று புரிந்தது. டாஸ்க் மேனேஜர், ரேம் எனும் நினைவக அட்டைகளைச் செருகும் 4 ஸ்லாட்டுகளில் 2 பயன்பாட்டில் உள்ளன என்று மட்டுமே சொன்னது. சிபியூ-இசட் நிரலின் மெமரி பக்கமோ 'சிங்கிள்' என்று காட்டியது, அதாவது இரண்டு ரேம்களும் பிராசஸருடன் ஒரே தடத்தில்தான் பேசிக்கொண்டிருந்தன. இரண்டு ரேம்களையும் பிராசஸரை ஒட்டிய 1, 2 ஆம் ஸ்லாட்டுகளில் அடுத்தடுத்துச் செருகியிருந்தேன். மதர்போர்டின் கையேடு கேட்பது 2, 4 ஆம் ஸ்லாட்டுகளை. மாற்றியதும் ரேமுக்கு ஒரு தடம் கிடைத்து 'டூயல்' என்று வந்தது. அதே தெருவில் திக்கல் நின்றது, பெரும் நிம்மதி.