ட்ரான்சில்வேனியாவ பழைய மேப்ல தேடுறது எப்படி

ரத்தக்காட்டேரி கதைங்க புண்ணியத்துல ட்ரான்சில்வேனியாங்கிற பேரு (இன்னைக்கு ருமேனியால இருக்குற ஒரு பகுதி) எல்லாருக்கும் தெரியும், ஆனா ஒரு பழைய ஜெர்மன் மேப்பையோ போலிஷ் புக்கையோ எடுத்து அந்தப் பேர தேடுனா கண்ணு வலிக்குமே தவிர கிடைக்கிறது கஷ்டம், ஏன்னா அவங்க அத கூப்பிடுறதே வேற மாதிரி.

மொதல்ல லத்தீன் பேர புடிங்க. ட்ரான்ஸ்னா அந்தாண்ட, சில்வான்னா காடு. காட்டுக்கு அந்தாண்ட. சரி, யாருக்கு அந்தாண்ட? ஹங்கேரி சமவெளில நின்னு பாத்தவங்களுக்கு! ஹங்கேரியன்ல எர்டேய், அதுலயும் காடு இருக்கு (எர்டோன்னா காடு).

இப்ப முக்கியமான விஷயம், பேரு மொழி மாறும்போது ஒண்ணு சத்தம் கூடவே வரும், இல்ல அர்த்தம் கூடவே வரும். ருமேனியன்ல ஆர்தியால், துருக்கில எர்தெல், ரெண்டும் எர்டேய்யோட சத்தம்தான்னு பெரும்பாலான மொழி ஆராய்ச்சியாளர் சொல்றாங்க (ருமேனியால சில பேரு ஒத்துக்க மாட்டாங்க, அது தனி சண்டை).

ஜெர்மன்காரங்க காட்டையே கண்டுக்கல. அவங்களுக்கு அது ஸீபன்பூர்கன், அதாவது ஏழு கோட்டை. 12ஆம் நூற்றாண்டுல ஹங்கேரி ராஜா ரெண்டாம் கேஸா கூப்பிட்டு குடிவச்ச ஜெர்மன் பேசுற ஸாக்ஸன் ஜனங்களோட ஏழு ஊர வச்சு வந்த பேருன்னு பொதுவா சொல்லுவாங்க. போலிஷ்ல ஷெத்மியோக்ருத், செக்ல ஸெத்மிஹ்ராட்ஸ்கோ, ஜெர்மன் பேரோட சத்தம் துளிகூட ஒட்டல, ஆனா ரெண்டும் ஏழுலதான் ஆரம்பிக்குது. அதனால தெரியாத மொழில பாத்தா அந்த மொழில ஏழுக்கு என்ன வார்த்தைன்னு பாருங்க, பாதி வேலை முடிஞ்சிரும்.

அப்பறம் ஊருங்க. க்ளூஜ், கொலோஜ்வார், க்ளாஸன்புர்க் மூணும் ஒரே ஊரு. சிபியுவும் ஹெர்மன்ஷ்டாட்டும் ஒண்ணுதான். மேப்போட வருஷத்தயும் பாத்துக்கோங்க, ப்ரஷோவ் ஊருக்கு 1950லேர்ந்து 1960 வரைக்கும் ஸ்டாலின் பேருதான் இருந்துச்சு. 1920 ட்ரியானான் ஒப்பந்தத்துக்கு (அதுலதான் ஹங்கேரி இந்தப் பகுதிய ருமேனியாவுக்கு விட்டுச்சு) முன்னாடி வந்த மேப்னா பெரும்பாலும் ஹங்கேரியன் பேரோ ஜெர்மன் பேரோதான் இருக்கும்.

ஒரே ஒரு எச்சரிக்கை, பேரு ஒண்ணா இருந்தா இடமும் ஒண்ணுன்னு நம்பிராதீங்க. கலீசியான்னு ஸ்பெயின்ல ஒண்ணு, போலந்து உக்ரைன் பக்கம் ஹாலிச் ஊர வச்சு வந்த இன்னொண்ணு. நான் ஒரு வாரம் தப்பான கலீசியாவ தேடிட்டு இருந்தேன்.