சாங்கிச் சிறையிலிருந்து வருபவரைச் சமையற்கூடத்தில் சேர்த்துக்கொள்வது எப்படி?

சிங்கப்பூரின் பிடோக் நார்த்தில் எனக்குச் சொந்தமாக ஒரு சிறிய கேட்டரிங் சமையற்கூடம் இருக்கிறது. கோயில் அன்னதானம், கல்யாணம், அலுவலக விருந்து என்று நாளொன்றுக்கு முந்நூறு பேருக்குச் சமைக்கிறோம். ஆறு ஆண்டுகளில், சிறையிலிருந்து வந்த ஒன்பது பேரை வேலைக்கு எடுத்திருக்கிறேன். ஐந்து பேர் இன்னும் என்னோடு இருக்கிறார்கள். இரண்டு பேர் இதைவிட நல்ல வேலைக்குப் போய்விட்டார்கள். இரண்டு பேர் மறுபடியும் உள்ளே போனார்கள். உணவுக்கடை வைத்திருக்கும் நண்பர்கள், "நாங்களும் எடுக்கலாம் என்று பார்க்கிறோம், எப்படி அக்கா?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்.

ஆளைத் தேடி அலைய வேண்டியதில்லை. சிறையிலிருந்து வருபவர்களுக்கு வேலை தேட உதவும் மஞ்சள் நாடா சிங்கப்பூர் என்ற அரசு அமைப்பில் முதலாளியாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். 1976இல் ஸ்கோர் என்ற பெயரில் தொடங்கப்பட்டு, 2020இல் பெயர் மாறிய அமைப்பு அது. விடுதலைக்கு முன்பே சிறைக்குள் நேர்முகத் தேர்வு நடத்த ஏற்பாடு செய்து தருவார்கள். உள்ளேயே சமையல், பேக்கரி வேலை பழகியவர்கள் பலர் இருக்கிறார்கள். உணவைக் கையாளுபவருக்குத் தேவையான உணவுப் பாதுகாப்புப் பயிற்சியை முடித்திருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் நீங்களே அனுப்புங்கள். சம்பளத்தில் ஒரு பகுதியை ஈடுகட்டும் அரசாங்க உதவி 2023 பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. அது இப்போது உங்களுக்குப் பொருந்துமா என்று விசாரியுங்கள். ஆனால் அந்தப் பணத்துக்காக மட்டும் ஆள் எடுக்காதீர்கள்.

நேர்முகத் தேர்வில் என்ன குற்றம் என்று கேட்கலாம். ஒரே ஒருமுறை கேளுங்கள். அதன்பிறகு அந்தப் பேச்சை எடுக்கக்கூடாது. அதைவிட முக்கியமாகக் கேட்கவேண்டியவை வேறு. வெளியே வந்தால் யாரோடு தங்குவீர்கள்? இரவு எத்தனை மணிக்குள் திரும்பியாக வேண்டும்? எந்தெந்த நாள் எங்கே போய் ஆஜராக வேண்டும்?

இதில்தான் நான் முதலில் தடுமாறினேன். எங்கள் அடுப்பு விடியற்காலை நான்கு மணிக்கு எரியும். முதலில் வந்தவரை அந்த நேரத்துக்கே வரச் சொல்லிவிட்டேன். அவர் வீட்டுக் காவலில் இருந்தார். கணுக்காலில் மின்னணுப் பட்டை. அந்த நேரத்தில் வீட்டைவிட்டு வெளியேற அவருக்கு அனுமதி இல்லை. வேலை போய்விடுமோ என்ற பயத்தில் அவர் என்னிடம் சொல்லவும் இல்லை. முதல் நாளுக்கு முந்தைய இரவு அவருடைய அம்மாதான் அழுதுகொண்டே தொலைபேசியில் சொன்னார். இப்போது, ஆளை எடுப்பதற்கு முன்பே அவருடைய கண்காணிப்பு அதிகாரியிடம் வேலை நேரத்தைச் சொல்லி ஒப்புதல் வாங்கிவிடுகிறேன். சிறைக்கும் வீட்டுக்கும் நடுவே தங்கவைக்கும் இடைவழி இல்லத்தில் இருப்பவருக்கும் போகவர நேரக் கட்டுப்பாடு உண்டு. போதைப்பொருள் வழக்கில் வந்தவர்கள் ஐந்து ஆண்டுவரை கண்காணிப்பில் இருப்பார்கள். சிறுநீர்ப் பரிசோதனைக்குப் போகத் தவறினால் அதுவே ஒரு குற்றம். ஆகவே பரிசோதனை நாளில், கல்யாண ஆர்டர் இருந்தாலும், அவரை அனுப்பிவிடுங்கள். "முடித்துவிட்டுப் போங்களேன்" என்று நீங்கள் சாதாரணமாகச் சொல்லும் ஒரு வார்த்தை அவரை மறுபடியும் நீதிமன்றத்தில் கொண்டுபோய் நிறுத்தலாம்.

முதல் மாதச் சம்பளத்தை வாராவாரம் கொடுங்கள். குறைந்தது மாதம் ஒருமுறை கொடுக்க வேண்டும் என்பதுதான் சட்டம். அதற்கு முன்னால் கொடுக்க யாரும் தடை சொல்வதில்லை. வெளியே வந்தவருக்குப் பஸ் செலவு, கைத்தொலைபேசி, வீட்டில் கொடுக்க ஏதாவது என்று எல்லாம் முதல் வாரத்திலேயே தேவைப்படுகின்றன. மாதக் கடைசிவரை காத்திருக்கச் சொன்னால் அவர் பழைய நண்பர்களிடம்தான் கை நீட்டுவார். வழுக்காத காலணி ஒரு ஜோடியையும் நீங்களே வாங்கிக் கொடுங்கள்.

முதல் நாள் காலை அரை மணி நேரம் ஒதுக்குங்கள். இது எனக்கு ஒரு தம்பியால் புரிந்தது. பத்துக் கிலோ வெங்காயத்தை உரித்து நறுக்கி முடித்தவர், தட்டைத் தூக்கிக்கொண்டு குளிரறைக் கதவுக்கு முன்னால் போய் நின்றார். கதவு பூட்டியிருக்கவில்லை. கைப்பிடியை இழுத்தால் போதும். அவர் கதவைப் பார்த்தபடி நின்றுகொண்டே இருந்தார். கை வலித்திருக்க வேண்டும். தட்டை இடுப்பில் சாய்த்துக்கொண்டார். "திறந்துகொண்டு போங்கள் தம்பி" என்றேன். சட்டென்று முகம் சிவந்து, "மன்னிச்சிருங்க அக்கா" என்றார். ஏழு ஆண்டுகள் அவருக்காக வேறொருவர் கதவைத் திறந்திருக்கிறார். அன்றிலிருந்து புதிதாக வருபவரை நானே அழைத்துப்போய் ஒவ்வொரு கதவையும் அவர் கையாலேயே திறக்கச் சொல்கிறேன். கழிவறைக்குப் போக யாரிடமும் கேட்கவேண்டாம், தேநீர் வேண்டுமென்றால் ஊற்றிக் குடிக்கலாம் என்று வாய்விட்டுச் சொல்கிறேன். கத்தியை மற்றவர்களுக்குக் கொடுப்பதுபோலவே கைப்பிடியை நீட்டிக் கொடுங்கள். மாலையில் அவர் காதுபடக் கத்திகளை எண்ணாதீர்கள்.

சிறைக்குப் போய் வந்தவர் என்பது சமையற்கூடத்தில் யாருக்குத் தெரியலாம் என்பதை அவரிடமே கேட்டு முடிவெடுங்கள்.

இனிச் சொல்லப்போவது எனக்கு வலிக்கும் விஷயம். ஒரு நாள் கல்லாப்பெட்டியில் இருநூறு வெள்ளி குறைந்தது. எட்டுப் பேர் வேலை செய்யும் இடத்தில் நான் முதலில் கூப்பிட்டுக் கேட்டது சிறையிலிருந்து வந்திருந்த ஒருவரைத்தான். குரலை உயர்த்தவில்லை, திட்டவில்லை, கேட்டேன், அவ்வளவுதான். "இல்லை அக்கா" என்று சொல்லிவிட்டு வேலைக்குத் திரும்பினார். அன்று மாலை என் மகன் வந்து, காய்கறிக்காரருக்குக் கொடுத்ததை எழுத மறந்துவிட்டதாகச் சொன்னான். நாளைக்கு மன்னிப்புக் கேட்கலாம் என்று இருந்தேன். மறுநாள் அவர் வரவில்லை. கோபம் தணியட்டும் என்று மூன்று நாட்கள் விட்டுவிட்டேன். நான்காம் நாள் அழைத்தபோது தொலைபேசி அணைக்கப்பட்டிருந்தது. திரும்ப உள்ளே போன இரண்டு பேரில் அவர் ஒருவர்.

ஆகவே பணம் குறைந்தால் முதலில் கணக்கைப் பாருங்கள், பிறகு எல்லாரையும் ஒன்றாக நிறுத்திக் கேளுங்கள். தவறாகச் சந்தேகப்பட்டுவிட்டால் அன்றிரவே அவர் வீட்டு வாசலுக்குப் போய் மன்னிப்புக் கேளுங்கள். வேலைக்கு வராத நாளில் அன்று காலையே அழையுங்கள். எடுக்கவில்லையென்றால் வீட்டை அழையுங்கள். அதுவும் இல்லையென்றால் மஞ்சள் நாடாவின் வேலை ஆலோசகரை அழையுங்கள். அந்த மூன்று எண்களையும் அரிசி மூட்டைக்கு மேலே சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். 1998இல் விடுதலையானவர்களில் நூற்றுக்கு 44 பேர் இரண்டு ஆண்டுகளுக்குள் சிறைக்குத் திரும்பினார்கள். அண்மைய ஆண்டுகளில் அது ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் என்று குறைந்திருக்கிறது. இப்படி யாரோ ஒருவர் விடாமல் அழைத்ததும் அந்தக் குறைவுக்கு ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன்.

போன மாதம் ஒருவர் எட்டு மணிக்கு வரவில்லை. எட்டு இருபதுக்கு அழைத்தேன், எடுக்கவில்லை. வீட்டு எண்ணில் தங்கை பேசினார். அம்மா இரவில் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார், அண்ணன் மருத்துவமனையில் இருக்கிறார், தொலைபேசியில் சார்ஜ் இல்லை என்றார். கஞ்சியும் துவையலும் கட்டி மகனிடம் கொடுத்தனுப்பினேன். மதியம் இரண்டு மணிக்கு அவர் வந்து சேர்ந்தார். யாரிடமும் கேட்காமல் குளிரறைக் கதவைத் திறந்து, இரவு ஆர்டருக்கு ஊறவைத்த கோழியை வெளியே எடுத்துவைத்தார்.