மதிய சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைக்கு மூச்சு இழுக்கிறதா?

காசிமேடு, ராயபுரம் பக்கம் இறாலும் நண்டும் வீட்டுச் சாப்பாடு. பள்ளியில் முட்டை, பெட்டிக்கடையில் கடலை மிட்டாய். சில பிள்ளைகளுக்கு இதில் ஏதாவது ஒத்துக்கொள்ளாது. வெறும் தடிப்பு, அரிப்பு என்றால் பதறாமல் கூடவே இருந்து பாருங்கள். உதடு, நாக்கு வீங்கி, குரல் கம்மி, மூச்சு இழுத்தால், அல்லது வாந்தியோடு மயங்கிச் சரிந்தால் உடனே 108.

செட்ரிசின் மாத்திரை கொடுத்துவிட்டுக் காத்திருப்பதுதான் நாம் செய்யும் பெரிய தப்பு. அது அரிப்பைத்தான் அடக்கும். உயிரைக் காப்பது தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடும் அட்ரினலின் ஊசி. வண்டி வரும்வரை படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள்; மூச்சு முட்டினால் கால் நீட்டி உட்காரலாம். நடக்க மட்டும் விடாதீர்கள். (முகம் கழுவக் குழாயடிக்கு நடத்திக் கூட்டிப்போகும் பழக்கம் நமக்கு உண்டே!)

சரியான மாதிரி தெரிந்தாலும் சில மணி நேரம் கழித்துத் திரும்ப வரலாம். ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் இருக்கச் சொன்னால் இருங்கள்.

எது ஒத்துக்காது என்பதை டீச்சரிடம் மட்டுமல்ல, சத்துணவு ஆயாவிடமும் சொல்லி வையுங்கள். தட்டில் முட்டை வைப்பது அவர்தான்.