மூன்றாவது திரை வந்த கதை
மூன்று மானிட்டரில் வீடியோ ஓட்டும் மென்பொருள், கணினியிலிருந்து திரைக்குப் படம் அனுப்பும் பழைய கிராஃபிக்ஸ் கார்டு. எந்த இரண்டைச் செருகினாலும் படம் வரும். மூன்றாவது மட்டும் கறுப்பு. டிரைவர், கேபிள் எல்லாம் மாற்றினேன், மென்பொருளையே அழித்து மீண்டும் நிறுவினேன். நான்கு நாள் போனது.

அப்புறம்தான் கவனித்தேன்: மூன்றாவதை இயக்கினால், வேறொன்றை அணைக்கச் சொல்லி விண்டோஸ் கேட்கிறது. அப்படியென்றால் சிக்கல் மானிட்டரில் இல்லை, எண்ணிக்கையில். திரையை இணைக்கும் ஹெச்டிஎம்ஐ, டிவிஐ வெளியீடு ஒவ்வொன்றுக்கும், படத்தை எந்த வேகத்தில் அனுப்புவது என்று தாளம் போடும் தனிக் கடிகாரத் துடிப்பு வேண்டும். இந்தக் கார்டில் இரண்டுதான். டிஸ்ப்ளேபோர்ட் என்ற இன்னொரு வகை இணைப்பில் வரும் திரைகளுக்கோ பொதுவான ஒரே கடிகாரம் போதும். ஆனால் அந்த டிஸ்ப்ளேபோர்ட்டில், ஹெச்டிஎம்ஐ கேபிளை இணைக்க நான் செருகியிருந்தது பாஸிவ் அடாப்டர். அது சிக்னலை மாற்றாது, கார்டையே ஹெச்டிஎம்ஐ அனுப்ப வைக்கும், அதற்கு மூன்றாவது கடிகாரம் வேண்டும். டிஸ்ப்ளேபோர்ட் சிக்னலைத் தானே ஹெச்டிஎம்ஐயாக மாற்றும் ஆக்டிவ் அடாப்டர் போட்டதும் மூன்றிலும் படம். அப்பாடா! வெளியே பார்த்தால் இரண்டு அடாப்டரும் ஒரே மாதிரிதான் இருக்கும். வாங்கும்போது ‘ஆக்டிவ்’ என்று இருக்கிறதா பாருங்கள்.