ஹெட் ஸ்டட் பொருத்துமுன் துளைகளைக் கவனியுங்கள்
டர்போ காரில் பூஸ்ட் அழுத்தத்தை (டர்போ இன்ஜினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம்) கூட்டும்போது சிலிண்டர் ஹெட்டை மேலே தள்ளும் விசையும் கூடுவதால், ஹெட்டை இன்ஜின் பிளாக்கோடு பிணைக்கும் பழைய போல்ட்டுகளுக்குப் பதிலாக வலுவான ஸ்டட்டுகளை (இரு முனையிலும் மரையுள்ள, தலையில்லாத கம்பிகள்) பொருத்துவது நல்லது. புதுச்சேரியின் உப்புக்காற்றில், ஹெட் கழற்றிய வார்ப்பிரும்பு பிளாக் விரைவில் துருவேறும் என்பதால், வேலை தள்ளிப்போனால் மெல்லிய எண்ணெய் பூசி மூடி வையுங்கள்.

பொருத்தும் நாளில் துளைகளின் மரைகளைச் சுத்தம் செய்து (புதிய மரை வெட்டும் டேப் வேண்டாம், அது உலோகத்தைச் சீவிவிடும்), உள்ளே தேங்கிய எண்ணெயையும் கூலன்ட்டையும் காற்றடித்து முழுமையாக அகற்றுங்கள். அடி மூடிய துளையில் திரவம் தங்கியிருந்தால், இறங்கும் ஸ்டட்டின் அழுத்தத்தில் பிளாக்கே விரிசல் விடக்கூடும். ஸ்டட்டைக் கையால் மட்டும் திருகுங்கள். நட்டுகளை, ஸ்டட் தயாரிப்பாளர் குறித்த மசகைப் பூசி, அவர் தந்த டார்க் (திருகு விசை) அளவுக்கு 3 கட்டங்களாக, கார் கையேட்டின் வரிசைப்படி இறுக்குங்கள். மசகு மாறினால், அதே டார்க்கில் ஸ்டட்டின் இழுவிசை மாறிவிடும்.