வேலூர்ல மருத்துவ வரலாறு நடை: கோட்டையிலேர்ந்து பாகாயம் வரைக்கும் நீங்களே ஆள் கூட்டிட்டுப் போறது எப்படி

போன வருஷம் லீவுக்கு வந்த அக்கா பசங்க "மாமா, வேலூர்ல கோட்டைய விட்டா பாக்க இன்னா இருக்குது"ன்னு கேட்டாங்க. கொல்கத்தா, அஸ்ஸாம்னு எங்கெங்கேர்ந்தோ ரயில்ல உக்காந்து ஜனங்க உடம்பக் காட்ட வர்ற ஊரு இது, அந்தக் கதையவே நடந்து காட்டலாமேன்னு தோணுச்சு. அப்படி ஆரம்பிச்சது இப்ப ஆறு தடவ ஆயிடுச்சு. எப்படிப் பண்றீங்கன்னு கேட்டவங்களுக்காக முழுசா எழுதுறேன்.

ஞாயித்துக்கிழமை, காலையில 6 மணி, 12 பேருக்கு மேல வேணாம். மார்ச்சுலேர்ந்து ஜூலை வரைக்கும் வெச்சுக்கவே வேணாம், நம்ம ஊரு வெயில்ல 9 மணிக்கு மேல யாருக்கும் கதை காதுல ஏறாது.

அடுத்தது ரூட்டு. நான் மொதல்ல வருஷ வரிசையில போட்டேன், அது தப்பு, ஆரணி ரோட்டுக்கும் தோட்டப்பாளையத்துக்கும் மாத்தி மாத்தி நடந்து வயசானவங்க பாதியிலயே உக்காந்துட்டாங்க. இப்ப ரோடு போற வரிசையில போறேன்: கோட்டை, லாங் பஜார், சிஎம்சி (கிறிஸ்டியன் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி), அங்கேர்ந்து பஸ் புடிச்சு ஷெல் ஆஸ்பத்திரி, கடைசியா பாகாயம். வருஷம் குழம்பாம இருக்க ஆளுக்கொரு அட்டையில ஒரு வருஷத்த பெருசா எழுதிக் கையில குடுத்துடுங்க. அவங்க வருஷம் வரும்போது தூக்கிக் காட்டணும். ஸ்பீக்கர், மைக்கெல்லாம் வேணவே வேணாம், அட்டை போதும், கையில இருக்குற வருஷத்த யாரும் மறக்குறதில்ல.

கோட்டை முன்னாடி அகழி ஓரமா உக்கார வெச்சு மொதக் கதைய சொல்லுங்க. 1806 ஜூலை 10 விடிகாலையில சிப்பாய்ங்க வெள்ளக்காரனுக்கு எதிரா கிளர்ச்சி பண்ணப்போ, கோட்டைக்குள்ள ஆஸ்பத்திரியில நோயில படுத்திருந்த வெள்ளக்கார சோல்ஜருங்களையும் கொன்னுட்டாங்க. அந்த ஆஸ்பத்திரி பட்டாளத்துக்கு, ஊர் சனத்துக்கு இல்ல. அப்போ ஊர் சனம் எங்க போச்சுன்னு கேட்டுட்டு லாங் பஜாருக்குக் கூட்டிட்டுப் போங்க.

நாட்டு மருந்துக் கடைங்க அந்த நேரத்துக்குத் தொறந்திருக்காது. அதனால மொத நாள் சாயங்காலமே நிலவேம்புக் குடிநீர் சரக்க தனித்தனியா பொட்டலம் கட்டி வாங்கி மஞ்சப்பையில வெச்சுக்குங்க: நிலவேம்பு, வெட்டிவேர், விளாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம், மொத்தம் 9. ரெடிமேட் பொடி வாங்காதீங்க, பொடியில ஒண்ணுமே பிரிச்சுத் தெரியாது. கண்ண மூடிக்கிட்டு மோந்து பாக்க சொல்லுங்க. வெட்டிவேர எல்லாரும் சொல்லிடுவாங்க, கோரைக்கிழங்க இதுவரைக்கும் ஒரே ஒரு பாட்டிதான் சரியா சொன்னாங்க. ஒரு துளி வாயில வெச்சுட்டு "எங்கம்மா குளிக்கறதுக்கு அரைச்சுக் குடுக்கும்பா"ன்னு சொன்னப்போ அவங்க கண்ணு கலங்கிடுச்சு.

இப்ப நான் தடுக்கி விழுந்த இடம். மொத நடையில, சிஎம்சிய ஆரம்பிச்ச டாக்டர் ஐடா ஸ்கடர் கதைய ஒரு பெரிய ஆஸ்பத்திரி கேட்டு முன்னாடி நின்னு சொன்னேன். 14 பேரு வரிசையா நிக்கிறோம், நான் கைய ஆட்டி ஆட்டிப் பேசுறேன். திருவண்ணாமலைப் பக்கத்துக்காரரு ஒருத்தரு, கையில ஸ்கேன் கவர், தோள்ல பையன், எங்க பின்னாடியே வந்து நின்னுட்டாரு. கொஞ்ச நேரம் கழிச்சு "அய்யா, டோக்கன் வரிசை இதுதானுங்களா"ன்னு கேட்டாரு. பையனுக்கு உடம்பு கொதிக்குது. அவசரத்துக்குப் போற வழிய விசாரிச்சு நானே கூட்டிட்டுப் போயி விட்டேன், ஆனா அந்தப் பத்து நிமிஷம் எங்களாலதான் போச்சு. அவருக்கு அது வரலாறு இல்ல, அன்னைக்குக் காலையில அவரு வீட்டு நெலவரம்.

அன்னையிலேர்ந்து எந்த ஆஸ்பத்திரி கேட்டுலயும் நிக்கிறதில்ல. கதைய முன்னாடியே ஒதுக்குப்புறமா ஒரு டீக்கடை கிட்ட சொல்லி முடிச்சுட்டு, ஆஸ்பத்திரி கேட்ட ரெண்டு ரெண்டு பேரா பேசாம கடந்து போறோம். போட்டோ கிடையாது. ஞாயித்துக்கிழமை ஓபி இல்லன்னாலும் அவசரத்துக்கு ஆள் வந்துட்டுதான் இருப்பாங்க. இத மட்டும் கண்டிப்பா செய்ங்க.

டீக்கடையில சொல்ல வேண்டியது: ஐடா 1870ல ராணிப்பேட்டையில பொறந்தாங்க. தாத்தா ஜான் ஸ்கடர் 1819லயே சிலோனுக்கு வந்த அமெரிக்க மிஷன் டாக்டரு. ஒரே ராத்திரியில மூணு வீட்டுக்காரங்க பிரசவத்துக்கு பொம்பள டாக்டர் தேடி வந்தாங்க, ஆம்பள டாக்டர உள்ள விட மாட்டோம்னுட்டாங்க, ஐடா அப்போ டாக்டருக்குப் படிக்கல, விடியிறதுக்குள்ள மூணு பொம்பளைங்களும் செத்துட்டாங்க. அதுக்கப்புறம்தான் அமெரிக்கா போயி 1899ல படிச்சு முடிச்சு, 1900ல வேலூர்ல ஒரே ஒரு படுக்கையோட வைத்தியம் பாக்க ஆரம்பிச்சாங்க. 1909ல நர்சிங் ஸ்கூலு. 1918ல பொண்ணுங்களுக்கு மட்டும் மெடிக்கல் ஸ்கூலு, 1922ல மொத செட்டுல 14 பேரு வெளிய வந்தாங்க. ஆம்பளைங்கள எம்பிபிஎஸ்ஸுக்கு சேத்ததே 1947லதான். 47 அட்டை வெச்சிருக்குறது பையனா இருந்தா நல்லா இருக்கும்.

(சேர்த்தது: அந்த மூணு சாவும் வேலூர்ல நடந்ததுன்னு மொதல்ல எழுதியிருந்தேன். கமெண்ட்ல ஒருத்தங்க திருத்துனாங்க, அது திண்டிவனம். நீங்களும் மாத்தி சொல்லிடாதீங்க. இன்னொருத்தங்க பென்ட்லேண்ட் ஆஸ்பத்திரிய ஏன் விட்டீங்கன்னு கேட்டாங்க, நியாயம்தான். அடுக்கம்பாறையில கவர்மென்ட் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி வர்றதுக்கு முன்னாடி நம்ம ஊரு ஏழபாழைங்க நம்புன கவர்மென்ட் ஆஸ்பத்திரி அது. அந்தப் பேருக்குரிய பென்ட்லேண்ட் பிரபு 1918ல மெட்ராஸ் கவர்னரு. இப்ப அதையும் சேத்தே சொல்றேன்.)

ஷெல்லுல ரொம்ப நேரம் வேணாம். 1902ல 40 படுக்கையோட ஐடா கட்டுனது, நியூயார்க் பணக்காரர் ஒருத்தரு செத்துப்போன பொண்டாட்டி பேருல குடுத்த 10,000 டாலர். இப்ப கண்ணு ஆஸ்பத்திரி. எதிர்ப்பக்கம் நின்னே பாத்துட்டு பாகாயம் பஸ் ஏறுங்க.

பாகாயத்துல ஒரு மர நிழல புடிங்க, சிஎம்சி காலேஜ் வளாகத்துக்குள்ள போகணும்னா முன்கூட்டியே எழுதிக் கேட்டு அனுமதி வாங்குங்க. இங்க கையில ஒரு பொருள் வேணும்: எம்.சி.ஆர். (மைக்ரோ செல்லுலர் ரப்பர்) செருப்புல போடுற ரப்பர் துண்டு. செருப்பு தைக்கிறவர்கிட்ட கேட்டா ஒரு வெட்டுத் துண்டு குடுப்பாரு. கட்டை விரலால அழுத்துங்க, பள்ளம் விழுந்து மெதுவா எழும்பும். இன்னைக்கு சக்கரை நோய்க்காரங்க போடுற செருப்புதான், ஆனா கதை தொழுநோயில ஆரம்பிக்குது. 1946ல சிஎம்சிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், விரலு தானா அழுகி விழறதில்லன்னு கண்டுபுடிச்சாரு. வலி தெரியாததால சூட்டையும் முள்ளையும் கவனிக்காம புண்ணாகிப் புண்ணாகித்தான் போகுது. அதனால மடங்கிப்போன விரலுக்கு தசைநாண மாத்தி வெச்சு ஆபரேஷன் பண்ணாங்க, காலுக்கு இந்த மெத்து செருப்பு. அவருகிட்ட படிச்ச மேரி வர்கீஸ் 1954 விபத்துல இடுப்புக்குக் கீழ செயலிழந்தும், சக்கர நாற்காலியில உக்காந்தே அந்தக் கைகளுக்கு ஆபரேஷன் பண்ணாங்க. 1966ல பாகாயத்துல வந்த மறுவாழ்வு நிலையத்துக்குப் பின்னாடி அவங்கதான் இருந்தாங்க. இத சொல்லும்போது நான் எப்பவும் கொஞ்சம் நிறுத்திட்டுதான் தொடருவேன்.

இங்கயே 1957ல மனநல மையமும் வந்துச்சு, நோயாளியோட வீட்டாளும் கூடவே தங்குவாங்க. சங்கிலி போட்டுப் பூட்டி வெச்ச கதைய கேட்டு வளந்த நம்ம பெரியவங்களுக்கு அது எவ்வளவு பெரிய மாத்தம்னு கூட வந்தவங்களையே பேச விடுங்க.

கடைசியா அட்டைக்காரங்கள வருஷ வரிசையில நிக்க சொல்லுங்க. 1806லேர்ந்து ஒவ்வொருத்தரா அவங்க வருஷத்துக் கதைய அவங்க வாயால சொல்லுவாங்க, நீங்க ஓரமா உக்காந்து தண்ணி குடிக்கலாம். காட்பாடி பஸ்ஸு அதே ஸ்டாப்புல கெடைக்கும்.