பிரிட்டன் சம்பள டேட்டாவை வீட்டிலிருந்து திறக்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

போன மார்கழியில், லண்டனில் பிஎச்.டி. செய்யும் தோழி ஒருத்தி மயிலாப்பூர் வீட்டுக்கு வந்திருந்தாள். பகலில் கச்சேரி, சபா கேன்டீன். ஆனால் ஜனவரியில் கொடுக்க வேண்டிய ஒரு அத்தியாயம் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது. "ராத்திரில மாடில உட்கார்ந்து கொஞ்சம் ரன் பண்ணிக்கறேன், அதான் யுனிவர்சிட்டி வி.பி.என். இருக்கே" என்றாள். நல்ல வேளை, லாக்-இன் செய்வதற்கு முன்னால் சொன்னாள். வி.பி.என். போட்டால் லேப்டாப் லண்டனில் இருப்பது போலத் தெரியும், சரி. ஆனால் டேட்டாவைப் பார்க்க அவள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் கேட்பது லேப்டாப் எங்கே இருப்பதாகத் தெரிகிறது என்பதை இல்லை, அவள் எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்பதை. பிரிட்டனுக்குள் இருந்துதான் திறக்க வேண்டும் என்றால் மயிலாப்பூர் மாடி அதற்குள் வராது. தெரியாமல் செய்தேன் என்பதும் எடுபடாது, அதற்காகத்தான் முதலிலேயே பயிற்சி கொடுத்துப் பரீட்சையும் வைக்கிறார்கள்.

எந்த டேட்டாவுக்கு இவ்வளவு கெடுபிடி என்று கேட்பீர்கள். ஆஷ் என்று சுருக்கமாகச் சொல்லும் வேலைநேர, சம்பள சர்வே. பிரிட்டனின் புள்ளியியல் அலுவலகமான ஓ.என்.எஸ். 2004 முதல் ஆண்டுதோறும் நடத்துகிறது. அதற்கு முன்னால் நியூ எர்னிங்ஸ் சர்வே என்ற பெயரில் 1970 முதல் வருஷா வருஷம் நடந்தது. சம்பளத்தில் வரி பிடிக்கும் பதிவேட்டிலிருந்து சுமார் 1 சதவீத வேலைகளை எடுக்கிறார்கள். தேசியக் காப்பீட்டு எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களை வைத்து எடுப்பதால் ஒரே ஆள் வருஷா வருஷம் திரும்பத் திரும்ப வருவார். படிவத்தை நிரப்புவது தொழிலாளி அல்ல, முதலாளி, அதுவும் சம்பளப் பட்டியலைப் பார்த்து. அதனால் தொகை துல்லியமாக இருக்கும். ஆராய்ச்சிக்கு இது தங்கச் சுரங்கம், ஆபத்தும் இதே இடத்தில்தான். பெயர் இருக்காது. ஆனால் வயது, பாலினம், தொழில், வேலை பார்க்கும் ஊர், பல வருஷச் சம்பளம் எல்லாம் ஒரே வரியில் நின்றால், தெரிந்தவர் ஒருவர் பார்த்தால் போதும், ஆளைச் சொல்லிவிடுவார்.

நம் ஊரில் படித்தவர்களுக்கு இங்கே ஒரு பழக்கக் கோளாறு உண்டு. பி.எல்.எஃப்.எஸ். என்கிற நம் தொழிலாளர் சர்வே 2017 ஏப்ரலில் தொடங்கியது. அதன் யூனிட் லெவல் டேட்டாவை, அதாவது ஆள் ஆளாக உள்ள பதிவுகளை, ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டு, அரசே இணையத்தில் போடுகிறது. பதிவு செய்து, இறக்கி, பென் டிரைவில் போட்டு ஜூனியருக்குக் கொடுக்கிறோம். அந்தக் கையோடு ஆஷ் பக்கம் போனால் முதல் நாளே முட்டிக்கொள்வீர்கள். அங்கே டேட்டா உங்களிடம் வராது, நீங்கள்தான் அதனிடம் போக வேண்டும். சர்வர் டேட்டாவைக் காப்பவர்களுடையது, ஸ்டேட்டா, ஆர் (R) என்கிற புள்ளியியல் மென்பொருள்களும் அங்கேயே இருக்கும், உங்கள் திரையில் தெரிவது வெறும் படம். காப்பி-பேஸ்ட் வெளியே வேலை செய்யாது, உள்ளே இன்டர்நெட் கிடையாது. இதைப் பார்த்துவிட்டு "சரி, போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்வோம்" என்று தோன்றும் பாருங்கள், அந்த நிமிஷம்தான் தவறு தொடங்குகிறது. போட்டோ மட்டும் இல்லை, திரையில் வந்த எண்ணை நோட்டில் பேனாவால் எழுதிக்கொண்டாலும் அதே கதைதான். அனுமதி வராத எண் எந்த வடிவத்திலும் வெளியே வரக் கூடாது.

அடுத்தது கைடு. இதை நான் கொஞ்சம் அழுத்தியே சொல்வேன், ஏனென்றால் நம்மவர்கள் தொழில்நுட்பத்தில் தவறுவதைவிட மரியாதையில்தான் அதிகம் தவறுகிறார்கள். "என்னப்பா, ரிசல்ட் வந்துச்சா? அந்த டேபிளை வாட்ஸ்அப்ல போடு" என்று சார் கேட்கிறார். அவருக்கு அந்த டேட்டாவைப் பார்க்க அனுமதி இல்லை, திட்டத்தில் அவர் பெயரும் இல்லை. ஆனால் சாரிடம் முடியாது என்று எப்படிச் சொல்வது? "ஸ்கிரீன் ஷேர்ல ஒரு நிமிஷம் காட்டறேன் சார்" என்று முடிந்துவிடுகிறது. காட்டுவதும் கொடுப்பதும் இங்கே ஒன்றுதான். இதற்கு ஒரே வழி, விண்ணப்பம் போடும்போதே அவர் பெயரையும் சேர்த்து, அவரையும் பயிற்சி எடுக்க வைப்பது. மூத்த பேராசிரியரை ஆரம்பப் பரீட்சைக்கு உட்கார வைப்பது சங்கடம்தான். ஆனால் பின்னால் அவருடைய ஆராய்ச்சி நிலையத்துக்கே டேட்டா கதவு மூடினால் அது இதைவிடப் பெரிய சங்கடம். சட்டமும் சும்மா இல்லை, பிரிட்டனின் 2007 புள்ளியியல் சட்டப்படி ஆளை அடையாளம் காட்டும் தகவலை வெளியிட்டால் இரண்டு வருஷம் வரை சிறை. வீட்டிலும் இதே விதிதான்: முதுகுக்குப் பின்னால் பால்கனிக் கதவு திறந்திருந்தால், காபி கொண்டு வரும் அண்ணிக்குத் திரை தெரிந்தால், மேஜையைத் திருப்பிப் போடுங்கள். எழுந்து போனால் திரையைப் பூட்டுங்கள். பாஸ்வேர்டை ரூம் மேட்டிடம் கொடுப்பது பற்றிப் பேசவே வேண்டாம்.

இப்போது நிஜமாகவே நேரம் தின்கிற விஷயம், அவுட்புட். நீங்கள் உள்ளே செய்த டேபிளையும் கிராஃபையும் அவர்கள் ஆட்கள் பார்த்து, யாரையும் காட்டிக் கொடுக்காது என்று திருப்தி ஆன பிறகுதான் வெளியே அனுப்புவார்கள். டேபிளின் ஒவ்வொரு கட்டத்திலும் பொதுவாக 10 பேருக்குக் குறையக் கூடாது. பலர் வெயிட் போட்ட எண்ணிக்கையைக் காட்டிவிட்டு "4,200 பேர் இருக்காங்களே" என்பார்கள். அது மக்கள்தொகைக்குப் பெருக்கிய கணக்கு, சர்வேயில் நிஜமாக வந்த ஆட்கள் எத்தனை என்பதுதான் கேள்வி. அந்த எண்ணையும் கூடவே கொடுக்காவிட்டால் டேபிள் திரும்பி வரும்.

10 பேருக்கு மேல் இருந்தாலும் மாட்டலாம். ஒரு உதாரணம், எண்கள் என் கற்பனை. ஒரு ஊரில் ஒரு தொழிலில் 24 பேர், சராசரி வாரச் சம்பளம் 500 பவுண்டு. இன்னொரு டேபிளில் அதே ஊர், அதே தொழில், மேனேஜரை மட்டும் விட்டுவிட்டு 23 பேர், சராசரி 470. இரண்டும் தனித்தனியாகப் பார்த்தால் சுத்தம். 24-ஐ 500-ஆல் பெருக்கினால் 12,000. 23-ஐ 470-ஆல் பெருக்கினால் 10,810. கழித்தால் 1,190. மேனேஜரின் வாரச் சம்பளம் சந்தி சிரிக்கிறது! இந்த இரண்டு டேபிளையும் ஒரே நாளில் அனுப்ப வேண்டும் என்று கூட இல்லை, போன வருஷம் ஒன்று, இந்த வருஷம் ஒன்று என்று போனாலும் கழித்தல் கழித்தல்தான். "வேற சாம்பிள்ல ஒரு தடவை பார்த்தேன்" என்று ஒரே டேபிளை ஐந்து விதமாக வெட்டி அனுப்புகிறவர்கள் இதைத்தான் யோசிப்பதில்லை.

இன்னொரு சுலபப் பொறி, உச்ச மதிப்பும் குறைந்தபட்ச மதிப்பும். அது சராசரி இல்லை, யாரோ ஒரு நிஜ மனிதரின் சம்பளம். ஸ்டேட்டாவில் சமரைஸ் கட்டளையோடு டீட்டெயில் என்று சேர்த்தால் கீழே நான்கு, மேலே நான்கு மதிப்புகளை அப்படியே அச்சடித்துவிடும், அந்த லாகை, அதாவது கட்டளையும் விடையும் பதிவான கோப்பை, அப்படியே அனுப்புவது ஆரம்பக்காரர்கள் எல்லோரும் செய்வது (நானும் செய்தேன்). ஆள் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் மீடியனும் (வரிசையில் நடு மதிப்பு) ஒருவருடைய சம்பளமேதான். புள்ளி புள்ளியாக வரைந்த கிராஃபில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு ஆள். மனிதர்களை மட்டும் பார்த்துவிட்டு நிறுவனத்தை மறந்துவிடாதீர்கள், ஒரு ஊரில் அந்தத் தொழிலில் வந்த 40 பேரில் 35 பேர் ஒரே கம்பெனி என்றால் அந்த டேபிள் அந்தக் கம்பெனியின் சம்பளக் கொள்கைதான். கட்டளைகளை எழுதி வைத்த குறியீட்டுக் கோப்பையும் ஒரு தடவை படித்துவிட்டு அனுப்புங்கள், "இந்த ஆள் மட்டும் விசித்திரமா இருக்கார், வயசு 61, நீக்கிட்டேன்" என்று கமென்ட் எழுதி வைத்திருப்போம்.

விண்ணப்பத்தில் செய்யும் தவறு சின்னது, ஆனால் மாதக் கணக்கில் இழுக்கும். "சம்பள ஏற்றத்தாழ்வு பற்றி ஆராய்வேன்" என்று எழுதினால் போதாது. எந்த மாறிகள், எந்த வருஷங்கள், பொதுமக்களுக்கு என்ன பயன், சாதாரணமாகக் கிடைக்கும் டேட்டாவில் இது ஏன் முடியாது, எல்லாம் வேண்டும். இருக்கட்டும் என்று எல்லா மாறிகளையும் கேட்காதீர்கள். விண்ணப்பத்தில் சொன்ன கேள்வியை விட்டுவிட்டு, உள்ளே போய் வேறொன்றைத் தோண்டுவதும் மீறல்தான், கண்டுபிடித்தது எவ்வளவு சுவாரஸ்யமாக இருந்தாலும். ஆஷில் சுயதொழில் செய்பவர்கள் கிடையாது, அது ஏப்ரல் மாதக் கணக்கு, 2004, 2006, 2011-இல் முறை மாறியதால் தொடர்ச்சி உடைகிறது, இதெல்லாம் விண்ணப்பத்திலேயே தெரிந்திருந்தால் பார்ப்பவருக்கும் நம்பிக்கை வரும்.

தோழி கதைக்கு வருகிறேன். மாடியில் லாக்-இன் செய்யவில்லை, நாள் முழுக்கக் கச்சேரி கேட்டாள், ராத்திரிகளில் டேட்டா இல்லாமலே குறியீட்டை எழுதி, தானே உருவாக்கிய போலி எண்களில் ஓட்டிப் பார்த்தாள். ஜனவரி முதல் வாரம் லண்டன் போய் உண்மையான டேட்டாவில் ஓட்டி, 40 டேபிள் அனுப்பினாள். 31 வந்தது. ஒன்பது திரும்பியது, அதில் ஏழு ஒரே காரணம், வெயிட் போடாத எண்ணிக்கையைக் காணோம். அத்தியாயத்தைப் பத்து நாள் தாமதமாகத்தான் கொடுத்தாள்.